பற்கள் வழுக்க வேண்டும், வளையம் பிடிக்க வேண்டும்: கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது

கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கணக்கு மனப்பாடம். கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "அது வேறா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருசக்கர வாகனத்தில் பழகியவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான். 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில்கூட கியர் பாக்ஸ் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தது. ஆனால் இன்று நம் சாலைகளில் ஓடும் மேனுவல் கியர் கார்களில் கியர் பாக்ஸ் தனிப் பெட்டி, அதன் எண்ணெய் தனி எண்ணெய். எஞ்சின் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் அதில் ஒரு துளிகூடக் கியர் பாக்ஸுக்குப் போகாது.

இந்தக் கட்டுரை முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய மேனுவல் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பெரும்பகுதி அந்த வகைதான். முழு ஆட்டோமேட்டிக், சிவிடி, இரட்டைக் கிளட்ச் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தூக்க வேண்டாம்; அவற்றின் எண்ணெயும் வேறு, மாற்றும் முறையும் வேறு. ஏஎம்டி கார்களில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான் என்றாலும் அதன்மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவி உட்கார்ந்திருக்கிறது. முதல் முயற்சியை அதில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்டிக்குள் நடப்பது

ஒரு சிறிய காரில் முதல் கியர் போட்டிருக்கும்போது எஞ்சின் ஏறத்தாழ மூன்றரைச் சுற்று சுற்றினால் கியர் பாக்ஸின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றுகிறது. அங்கிருந்து, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குப் போகையில் வேகம் இன்னும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆக, சக்கரம் ஒரு முறை உருள எஞ்சின் பதினான்கு முறை சுற்றியாக வேண்டும். வேகம் குறைந்த அதே அளவுக்கு முறுக்கு விசை கூடுகிறது. ஒரு டன் எடையுள்ள காரைச் சரிவான மேம்பாலத்தில் நின்ற இடத்திலிருந்து இழுக்கும் அந்த விசை முழுவதும் இரண்டு எஃகுப் பற்கள் தொட்டுக்கொள்ளும் ஒரு மெல்லிய கோட்டின்மீது விழுகிறது. அங்கே இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் நடுவில் நிற்பது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். கியர் ஆயிலின் முதல் வேலை இது.

இரண்டாவது வேலை இதற்கு நேர் எதிரானது. கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் இடம் மாறிப் போய்ப் பொருந்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முன்னோக்கிச் செல்லும் கியர்கள் அனைத்தும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியபடியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மீது பிடிப்பில்லாமல் சும்மா சுழல்கிறது. நாம் கியர் லீவரைத் தள்ளும்போது ஒரு உறை நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். இல்லாவிட்டால் "கர்ர்" என்று பற்கள் அலறும். வேகத்தை ஒன்றாக்குவது சின்க்ரோனைசர் வளையம். பெரும்பாலும் பித்தளை வகை உலோகத்தில் செய்த, கூம்பு வடிவ உட்புறம் கொண்ட வளையம் அது. லீவரை நகர்த்தியதும் இந்த வளையம் கியரின் கூம்பைப் போய்ப் பிடிக்கிறது. பிடித்த உராய்வில் கியரின் வேகம் தண்டின் வேகத்துக்கு வருகிறது, உறை நழுவி உள்ளே போகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வருவதற்கு முன், வேகத்தை ஒன்றாக்குவது ஓட்டுநரின் காலுக்கும் காதுக்கும் உரிய வேலையாக இருந்தது. கிளட்சை ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலேட்டரை அளவாகக் கொடுத்து, மறுமுறை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். பழைய லாரிகளை ஓட்டியவர்களைக் கேட்டால் இன்றும் அந்தத் தாளத்தைச் செய்து காட்டுவார்கள்.

இப்போது சிக்கல் புரியும். ஒரே எண்ணெயில் பற்கள் வழுக்க வேண்டும், வளையம் பிடிக்க வேண்டும். வளையத்தின் உட்புறத்தை விரல் நுனியால் தடவினால் மிக நுண்ணிய வரிகள் தட்டுப்படும். கூம்பின்மீது படிந்திருக்கும் எண்ணெயை அறுத்து வெளியேற்றத்தான் அந்த வரிகள். எண்ணெய் அதிகக் கெட்டியாக இருந்தால் அறுபடாது. தேவைக்கு மேல் வழுக்கினால் வளையம் பிடிக்காது. நீர்த்துப்போனால் பற்களுக்கு இடையே படலம் நிற்காது. கியர் ஆயில் தேர்வில் வரும் குழப்பம் எல்லாம் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே திரவத்திடம் கேட்பதிலிருந்து பிறப்பதுதான்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினில் எண்ணெயை மேலே ஏற்ற பம்ப் இருக்கிறது, சுத்தம் செய்ய ஃபில்டர் இருக்கிறது. சிறிய கார்களின் கியர் பாக்ஸில் பொதுவாக இரண்டும் கிடையாது. அடியில் தேங்கி நிற்கும் எண்ணெயில் டிஃபரன்ஷியலின் பெரிய சக்கரம் பாதி மூழ்கியபடி சுற்றி, எண்ணெயை வாரி மேலே இறைக்கிறது. இறைபட்டதை உள்ளே இருக்கும் சிறு வாய்க்கால்கள் ஏந்தி, பேரிங்குகளுக்கும் மேல்தண்டுக்கும் கொண்டுபோகின்றன. பல ஐந்து கியர் பெட்டிகளில் ஐந்தாவது கியர் மட்டும் கடைசியில், தனி மூடிக்குள் ஒதுங்கி இருக்கும். எண்ணெய் அளவு குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

எந்த எண்ணெய்?

கடையில் போய் "கியர் ஆயில் கொடுங்கள்" என்று கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். காரோடு வந்த கையேட்டைத் திறந்து இரண்டு குறியீடுகளை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்பது போன்ற எண். மற்றொன்று ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5.

முதல் எண் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருப்பது குளிரில் அது எப்படி ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது சூடான நிலையில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. எஞ்சின் ஆயிலில் 20டபிள்யூ-40 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 75டபிள்யூ-90 என்பது குழம்பு மாதிரித் தோன்றும். அப்படி அல்ல. கியர் ஆயிலுக்கான அளவுகோல் வேறு. 75டபிள்யூ-90 கியர் ஆயில் சூட்டில் ஏறத்தாழ 40 அல்லது 50 தர எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மையோடுதான் இருக்கும். "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாகப் போடுங்கள்" என்ற அறிவுரை பல பட்டறைகளில் கிடைக்கும். கேட்காதீர்கள். கையேடு 75டபிள்யூ-80 என்று சொல்லும் பெட்டியில் அதைவிடக் கெட்டியானதை ஊற்றினால் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். வளையத்தின் வரிகள் அந்த எண்ணெயை அறுக்கத் திணறுவதுதான் அந்த முரண்டு.

இரண்டாவது குறியீடுதான் பலரை ஏமாற்றுவது. நான்கைவிட ஐந்து பெரிய எண், ஆகவே ஜிஎல்-5 உயர்ந்த எண்ணெய் என்று நினைப்பது இயல்பு. விலையும் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும், நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிடும். ஆனால் இவை ஒரே ஏணியின் இரண்டு படிகள் அல்ல, இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கான எண்ணெய்கள்.

பற்கள் மிகக் கடுமையாக அழுந்தும்போது எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அந்த நேரத்தில் காப்பாற்ற, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்களை எண்ணெயில் சேர்க்கிறார்கள். அழுத்தத்திலும் சூட்டிலும் இவை இரும்போடு வினைபுரிந்து பற்களின்மேல் மென்மையான ஒரு பூச்சை உண்டாக்குகின்றன. இரும்பு தேய்வதற்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் இந்தக் கந்தகம்தான். ஜிஎல்-5 எண்ணெயில் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4 எண்ணெயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளின் பின் ஆக்சிலில் இருக்கும் கிரௌன் சக்கரத்துக்கு அது கட்டாயம் தேவை. அங்கே பற்கள் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் இழுபட்டு உரசுகின்றன. முன்சக்கர இயக்கச் சிறிய காரில் அந்த வகைக் கிரௌன் இல்லை. டிஃபரன்ஷியல் சக்கரம் சாதாரணச் சாய்பற்களோடு கியர் பாக்ஸுக்குள்ளேயே, அதே எண்ணெயில் ஓடுகிறது. ஜிஎல்-4 அதற்குப் போதும்.

ஜிஎல்-5 ஊற்றினால் என்ன கெட்டுவிடும்? சூட்டில் வீரியமான கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும், ஆகவே பித்தளை வளையம் கரைந்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இக்காலத்து நல்ல எண்ணெய்களில் அந்த அரிப்பைத் தடுக்கும் பொருளையும் சேர்க்கிறார்கள், ஆகவே அந்தப் பயம் முன்பு இருந்த அளவுக்கு இன்று பொருந்தாது. ஆனால் இன்னொரு காரணம் அப்படியே நிற்கிறது. பின் ஆக்சிலுக்காகத் தயாரான எண்ணெய் வளையத்துக்கு வேண்டிய உராய்வைக் கருதிச் செய்யப்பட்டதல்ல. வளையம் பிடிக்க நேரமாகும், அவசரமாகத் தள்ளினால் பற்கள் உரசும், உரசலில் வளையம் தேயும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஜிஎல்-5 கேட்கும் பின் ஆக்சிலில் ஜிஎல்-4 ஊற்றினால் கிரௌன் பற்களை விரைவில் தின்றுவிடும்.

விதிவிலக்குகளும் இல்லாமல் இல்லை. சுபாரு மேனுவல் கார்களில் கடுமையாக உரசும் அந்த வகைக் கிரௌன் கியர் பாக்ஸோடு ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கிறது, ஆகவே அங்கே ஜிஎல்-5 கேட்கிறார்கள். ஹோண்டா தன் மேனுவல் கார்களுக்குத் தனி எண்ணெயையே விற்கிறது. ஆட்டோமேட்டிக் கியரின் எண்ணெயைக் குடிக்கும் மேனுவல் பெட்டிகளும் உலகில் உண்டு. எனவே நான் சொல்வதும் நண்பர் சொல்வதும் பட்டறைக்காரர் சொல்வதும் கையேட்டுக்குப் பிறகுதான். டப்பாவில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன். என்ன சமரசம் செய்திருக்கிறார்கள் என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

சிறிய கார்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரை பிடிக்கும். சரியான அளவும் கையேட்டில் இருக்கும். லிட்டருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், ஆகவே மூன்று லிட்டராக வாங்கிவிடலாம். பீப்பாயிலிருந்து சில்லறையாக அளந்து தருவதை வாங்காமல், முத்திரை உடையாத டப்பாவாக வாங்குங்கள்.

எப்போது?

கியர் பாக்ஸில் எதுவும் எரிவதில்லை. கரி சேர்வதில்லை, பெட்ரோல் கலப்பதில்லை. அதனால் கியர் ஆயில் எஞ்சின் ஆயிலைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். 40,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை என்பது பொதுவான கணக்கு. சில நிறுவனங்கள் வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்றே சொல்கின்றன. யாருடைய வாழ்நாள் என்று கேட்கத் தோன்றும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் அடிக்கடி ஏறி இறங்கும் கார், எந்நேரமும் ஆள் நிறைய ஏற்றும் கார், நகர நெரிசலில் நிமிடத்துக்கு நான்கு முறை கியர் மாறும் கார் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கில் கீழ்முனையை எடுத்துக்கொள்வது நல்லது. பழைய கார் வாங்கி, அதன் வரலாறு தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டிய ஒரு சந்தர்ப்பம் வெள்ளம். கியர் பாக்ஸின் மேல்புறத்தில் காற்று போய்வர ஒரு சிறு மூச்சுத்துளை இருக்கும். சூடாக ஓடிய பெட்டி திடீரென்று நீரில் மூழ்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, அந்தத் துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் ஏராளம். ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டது என்பதால் கியர் பாக்ஸ் தப்பியது என்று ஆகாது. நீர் கலந்த எண்ணெய் வெளுத்து, கலங்கி, நுரைத்து வரும். பேரிங்கில் துருப் பிடிக்க அதுவே போதும்.

படுப்பதற்கு முன்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது: காரின் அடியில். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும் உரியது. அதை நம்பி உடம்பில் எந்தப் பகுதியையும் உள்ளே விடக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் அதே அளவு ஆபத்து, பாரம் ஏறினால் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். காரின் எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்டுகள் நான்கு வேண்டும். நான்கு ஏன் என்றால், கார் சமதளமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் பெட்டி சாய்ந்து எண்ணெய் அளவு தவறாகிவிடும். கையேடு காட்டும் இடங்களில் மட்டும் ஸ்டாண்டை வையுங்கள். தரை காங்கிரீட்டாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டாண்டில் ஏற்றிய பின் காரைத் தோளால் உலுக்கிப் பாருங்கள். கழற்றிய ஸ்டெப்னியைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காவல். நான்கு ஸ்டாண்ட் இல்லையென்றால் பள்ளம் உள்ள சர்வீஸ் நிலையத்தில் இடம் கேட்டுச் செய்யுங்கள், அல்லது வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்து அருகில் நில்லுங்கள்.

தொடங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெய் இளகும், அடியில் படிந்திருக்கும் துகளும் கலந்து வெளியேறும். கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகு படுக்கலாம். வேறு தேவைகள்: பிளக்குக்குப் பொருத்தமான ஸ்பானர், புதிய வாஷர் இரண்டு, அகன்ற தட்டு, அளவுக் கோடு உள்ள பழைய ஆயில் கேன், நீளமான குழாயோடு புனல் அல்லது கைப்பம்ப், கையுறை, நிறையத் துணி. பிளக்கின் தலையை முதலில் பார்த்துவிட்டு ஸ்பானர் வாங்குங்கள். சில கார்களில் வழக்கமான அறுகோணத் தலை இருக்கும். சிலவற்றில் சதுரக் குழி இருக்கும். அதில் ராட்செட்டின் முனையே நேராகப் பொருந்துவதும் உண்டு.

அடியில் படுத்ததும் கியர் பாக்ஸ் எது என்பதை உறுதிசெய்யுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எஞ்சின் ஆயில் பிளக்கைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதன் விளைவு பெரிது: எஞ்சின் காலியாகிவிடும், கியர் பாக்ஸில் பழைய எண்ணெய் அப்படியே கிடக்கும். அடையாளம் எளிது. முன்சக்கரத்திலிருந்து உள்ளே போகும் ஆக்சில் தண்டைக் கண்ணால் பின்தொடருங்கள். அது போய் நுழையும் இடம்தான் கியர் பாக்ஸ். வரிவரியாக விளிம்பு வைத்த அலுமினிய வார்ப்பு அது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் அழுத்தி வளைத்த இரும்புத் தகடு, அருகில் ஆயில் ஃபில்டர் தெரியும்.

மேல் பிளக் முதலில்

பெட்டியில் இரண்டு பிளக் இருக்கும். அடியில் இருப்பது எண்ணெயை வடிக்க, பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது எண்ணெய் ஊற்ற. மேல் பிளக்கைத் தளர்த்தி, அது சுற்றி வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கீழ் பிளக்கில் கை வையுங்கள். ஆண்டுக்கணக்கில் திறக்காத பிளக் இறுகிப் போயிருக்கும். கீழே வடித்து முடித்த பின் மேல் பிளக் வர மறுத்தால், பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாத கார் ஒன்று வாசலில் நிற்கும். வர மறுத்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, நீளக் கைப்பிடியால் நிதானமாக அழுத்துங்கள். ஸ்பானர் குழிக்குள் முழுதாக இறங்காமல் பலம் கொடுத்தால் குழி வட்டமாகிவிடும். பின்பு வெல்டிங்காரரைத்தான் கூப்பிட வேண்டும். மல்லாந்து படுத்த நிலையில் எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பம் வரும். பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்பினால் சரியாகிவிடும். மேல் பிளக்கே இல்லாமல், ரிவர்ஸ் விளக்கு சுவிட்சைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஊற்றும் பெட்டிகளும் சில உண்டு.

கீழ் பிளக் கடைசி மரை விடும்போது எண்ணெய் நேராக விழாது, சற்று வளைந்து பாயும். தட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கால் மணி நேரம் வடியட்டும்.

இந்தக் கால் மணி நேரம்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் பெட்டியின் உடல்நிலை தெரிய வருவது இப்போதுதான். கழற்றிய பிளக்கின் முனையில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் கண்மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை. பல ஆண்டுகள் பற்கள் உரசியதில் உண்டான நுண்ணிய இரும்புத் துகள் அது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். நெருடினாலோ, ஊசி போன்ற சில்லுகளோ உடைந்த துண்டோ கிடைத்தாலோ, பேரிங் அல்லது பல் ஏதோ ஒன்று உடையத் தொடங்கிவிட்டது. துடைத்துப் போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடிந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்க நிற மினுமினுப்பு தெரிந்தால் அது பித்தளை, அதாவது சின்க்ரோனைசர் வளையம் தேய்ந்த பொடி. காந்தம் அதைப் பிடிக்காது. லேசாக மினுக்கினால் வயதுக்கேற்ற தேய்மானம். திரளாக மினுக்கினால் கியர் போடும்போது வரும் உரசலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வடிந்ததை அளவுக் கேனில் ஊற்றி அளந்துவிடுங்கள். இரண்டேகால் லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லிட்டர் மட்டும் வந்தால் மீதி எங்கேயோ கசிந்திருக்கிறது. ஆக்சில் தண்டு நுழையும் இடத்து சீல், கியர் லீவரின் தண்டு நுழையும் இடத்து சீல் இரண்டையும் பாருங்கள். தூசி ஒட்டிய ஈரம் தெரியும். மூச்சுத்துளை அடைத்துக்கொண்டாலும் உள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி எண்ணெய் கசியும்.

பிளக்கையும் துளையின் விளிம்பையும் துடைத்து, புதிய வாஷர் போட்டு மூடுங்கள். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கிப் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டது, மறுமுறை அதே இறுக்கத்தைத் தராது. வாஷரே இல்லாமல் மரையில் பசை தடவி மூடும் பிளக்குகளும் உண்டு, கையேடு சொல்லும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். பெட்டி அலுமினியம், பிளக் இரும்பு. மரை மாறி ஏறினால் தோற்பது அலுமினியம்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கையேடு நியூட்டன் மீட்டரில் தந்திருக்கும். டார்க் ரெஞ்ச் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

ஊற்றுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. கியர் ஆயில் தயங்கித் தயங்கி ஓடும். டப்பாவை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்திருந்தால் தயக்கம் பாதி குறையும். பானட்டைத் திறந்து, மேலிருந்து நீளக் குழாயைத் துளைக்குள் இறக்கிப் புனலில் ஊற்றுவது சுலபமான வழி. குழாய் துளையிலிருந்து நழுவாமல் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. கைப்பம்ப் இருந்தால் தனி ஆளாகவே செய்யலாம்.

போதும் என்பதைப் பெட்டியே சொல்லும். பெரும்பாலான கார்களில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. எண்ணெய் அந்த விளிம்பைத் தொட்டு வெளியே கசியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்று சொட்டத் தொடங்கும்வரை காத்திருந்து மூடுங்கள். சந்தேகமிருந்தால் சுண்டு விரலை வளைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். விளிம்புக்கு அருகிலேயே எண்ணெய் விரலைத் தொட வேண்டும். கையேட்டின் லிட்டர் கணக்கோடும் ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று காரைச் சாய்த்து ஊற்றுவது வேண்டாம். அளவு மீறினால் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் படலம் நிற்காது, சீல்களிலும் மூச்சுத்துளையிலும் எண்ணெய் வெளியே தள்ளப்படும்.

மூடிய பின் பெட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். சில கிலோமீட்டர் ஓட்டி வந்து அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அட்டை காய்ந்திருந்தால் வேலை சுத்தம்.

பலன் என்ன? காலையில் இரண்டாவது கியர் முன்பைவிட இலகுவாக விழும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவது மென்மையாகும். பல கார்களில் அவ்வளவுதான். தேய்ந்த வளையத்தைப் புது எண்ணெய் வளர்த்துத் தராது, பேரிங்கின் முனகலை அடக்காது. ரிவர்ஸில் மட்டும் "ஙொய்" என்று ஒலி வந்தால் அது நோயே அல்ல. பல கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் சாய்வில்லாமல் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வரும் ஒலி. கிளட்சை முழுவதும் மிதித்தும் எந்தக் கியரும் விழவில்லை என்றால் கோளாறு கிளட்சில் இருக்கலாம், கியர் ஆயிலில் அல்ல. கூலியில் மிச்சமாகும் பணமும் பெரிய தொகை அல்ல. எந்த எண்ணெய் உள்ளே போனது என்பது உறுதியாகத் தெரிவதும், காந்தத்தை நம் கண்ணால் பார்ப்பதும்தான் இதில் உண்மையான இலாபம்.

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் பூசும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதுவும் கடைசியில் மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். இந்தியாவில் பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. கேனில் அடைத்து, கழிவு எண்ணெயை மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலோடு சேர்த்துக் கொடுக்கலாம். பெட்ரோலோ கூலன்ட்டோ பிரேக் எண்ணெயோ கலந்தால் வாங்க மாட்டார்கள். எண்ணெயின் பெயர், தரம், ஊற்றிய அளவு, தேதி, ஓடோமீட்டர் எண் ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி, கையேட்டின் கியர் ஆயில் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.